அடுத்த ஊர் ஸ்கோர்

பாஸ்டன் நகரத்து பேஸ்பால் ரசிகருக்கு நியூயார்க் யாங்கீஸ் அணியைப் பிடிக்காது என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அது தலைமுறை தலைமுறையாக வரும் பங்காளிப் பகை. பேப் ரூத் என்ற மகத்தான ஆட்டக்காரரை பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி யாங்கீஸுக்கு விற்ற செய்தி 1920 ஜனவரியில் வெளியானது. அதற்குப் பிறகு யாங்கீஸ் கோப்பை மேல் கோப்பையாக அள்ளியது. 1918-ல் சாம்பியனாக இருந்த பாஸ்டனோ அடுத்த கோப்பைக்காக 2004 வரை, 86 வருஷம் காத்துக் கிடந்தது. அப்படிப்பட்ட ஊரில் 2011 செப்டம்பர் 28, புதன்கிழமை இரவு, ரெட் சாக்ஸ் ரசிகர்கள் யாங்கீஸ் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டிவியில் தங்கள் அணி பால்டிமோரில் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஃப்ளோரிடாவில், பரம எதிரி அடிக்கும் ஒவ்வொரு ரன்னும் அவர்கள் வயிற்றில் பால் வார்த்தது.

காரணம் கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள், இரண்டு லீக்குகள். ஒவ்வொரு லீக்கிலும் மூன்று டிவிஷன்கள். வசந்தத்தில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை அநேகமாகத் தினமும் ஆட்டம், அணிக்கு 162. டிரா என்பது கிடையாது. ஒன்பது இன்னிங்ஸில் முடிவு தெரியாவிட்டால் தெரிகிறவரை ஆடியாக வேண்டும். கிரிக்கெட் லீக்குகளின் கடைசி வாரத்தில் நாம் கால்குலேட்டரோடு உட்கார்ந்து பார்க்கும் நெட் ரன் ரேட்டும் அங்கே இல்லை. பத்து ரன்னில் ஜெயித்தாலும் ஒரு ரன்னில் ஜெயித்தாலும் வெற்றி வெற்றிதான். 2011-ல் ஒவ்வொரு லீக்கிலும் டிவிஷன் முதலிடம் பிடித்த மூன்று அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். மிச்சமுள்ளவற்றில் அதிக வெற்றி பெற்ற ஒரே ஒரு அணிக்கு ‘வைல்டு கார்டு’ என்ற பெயரில் நான்காவது இடம். பாஸ்டன் இருந்த டிவிஷனை யாங்கீஸ் ஏற்கெனவே கைப்பற்றிவிட்டது. அந்த ஒற்றை வைல்டு கார்டுக்கு பாஸ்டனும் டாம்பா பே ரேஸ் அணியும் மோதிக்கொண்டிருந்தன. கடைசி நாள் விடிந்தபோது இரண்டுக்கும் 90 வெற்றி, 71 தோல்வி. பாஸ்டனுக்கு எதிரே கடைசி இடத்தில் கிடந்த பால்டிமோர் ஓரியோல்ஸ். ரேஸுக்கு எதிரே, சொந்த ஊரில், யாங்கீஸ். ரேஸ் தோற்க வேண்டுமானால் யாங்கீஸ் ஜெயித்தாக வேண்டும். வேறு வழியில்லை.

உண்மையில் நிலைமை அங்கே வந்திருக்கவே கூடாது. செப்டம்பர் 3-ம் தேதி ஆட்டங்கள் முடிந்தபோது பாஸ்டன் 84 வெற்றி, 54 தோல்வி. ரேஸ் 75 வெற்றி, 63 தோல்வி. ஒன்பது ஆட்ட இடைவெளி. இங்கேதான் பேஸ்பால் ரசிகர்கள் விரல்நுனியில் வைத்திருக்கும் ‘மேஜிக் நம்பர்’ வருகிறது. 163-லிருந்து முன்னால் நிற்கும் அணியின் வெற்றிகளைக் கழிக்க வேண்டும். பிறகு துரத்தி வரும் அணியின் தோல்விகளைக் கழிக்க வேண்டும். வருவது 16. பாஸ்டனின் வெற்றிகளும் ரேஸின் தோல்விகளும் சேர்ந்து 16 ஆகிவிட்டால் இடம் பாஸ்டனுக்கு. இரண்டு அணிக்கும் தலா 24 ஆட்டம் பாக்கி என்னும்போது இது கைக்கெட்டிய கனி. ஆனால் பாஸ்டன் அந்த 24-ல் ஆறே ஆறுதான் ஜெயித்தது. ரேஸ் எட்டில் மட்டும் தோற்றது. ஆறும் எட்டும் பதினான்கு. கணக்கில் இரண்டு குறைந்துவிட்டது.

இந்தக் கழித்தலில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. நம் வெற்றிக்கும் எதிரியின் தோல்விக்கும் அதில் ஒரே எடை. நாம் ஒரு படி ஏறினாலும் அவர்கள் ஒரு படி சறுக்கினாலும் குறைவது அதே ஒன்றுதான். அந்த 24 ஆட்டங்களில் பாஸ்டனும் ரேஸும் நேருக்கு நேர் மோதியது ஏழு முறை. ஆறில் ரேஸ் ஜெயித்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும் ரேஸின் மற்ற பத்து வெற்றிகள் பாஸ்டன் எட்டிக்கூடப் பார்க்க முடியாத மைதானங்களில் நடந்தவை. பாஸ்டனின் பன்னிரண்டு தோல்விகளுக்கு ரேஸ் பொறுப்பே அல்ல. அதாவது பந்தயத்தின் பெரும்பகுதி, பந்தயக்காரர்கள் இருவரும் ஒரே மைதானத்தில் இல்லாத நாட்களில்தான் ஓடியது. தன் அணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர் அந்த மாதத்தின் பாதிக் கதையைத்தான் பார்த்தார்.

சீசன் கடைசியில் போட்டி அணியின் ஆட்டத்தை விடாமல் பார்ப்பதை அற்பமான வேலையாக நினைப்பவர்கள் உண்டு. அடுத்தவன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்ப்பதற்குச் சமம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏப்ரலில் ஒரு ரசிகருக்குத் தன் அணி தெரியும், அவ்வளவுதான். செப்டம்பரில் அவர் போட்டி அணியின் நாளைய பிட்சர் யார், அவருக்கு எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது, கடைசி இன்னிங்ஸ்களில் வீசுகிறவர்கள் தொடர்ந்து எத்தனை நாள் வீசிக் களைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் தெரிந்துவைத்திருப்பார். அந்த அணி அடுத்து மோதப்போகும் மூன்றாவது அணியின் பலமும் பலவீனமும்கூட அவருக்கு அத்துபடியாகியிருக்கும். கெட்ட எண்ணத்தில் தொடங்கியிருக்கலாம். ஆனாலும் ஒரு அணிக்கு ரசிகராக இருந்தவரை ஆட்டத்துக்கே ரசிகராக மாற்றுவது இந்தக் கண்காணிப்புதான்.

இதற்குக் கண்ணால் காணும் சாட்சி பழைய மைதானங்களில் இருக்கிறது. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடது மூலையில் ‘கிரீன் மான்ஸ்டர்’ என்ற 37 அடி உயரப் பச்சைச் சுவர் நிற்கிறது. அதன் அடிப்பகுதியில், இன்றைக்கும் கையால் எண் மாற்றும் ஸ்கோர்போர்டு. சுவருக்குப் பின்னால் ஒடுங்கிய அறை ஒன்றில் ஆட்கள் நின்று, தகட்டில் எழுதிய எண்களைத் துளைகளில் செருகுகிறார்கள். அந்தப் பலகையில் உள்ளூர் ஆட்டம் மட்டுமல்ல, மற்ற ஊர் ஆட்டங்களின் ஸ்கோரும் ஏறும். செப்டம்பரில் அங்கே நடப்பதைக் கவனிக்க வேண்டும். மைதானத்தில் பிட்சர் பந்தை உருட்டிக்கொண்டு சும்மா நிற்பார். பேட்டர் கையுறையைச் சரிசெய்துகொண்டிருப்பார். ஒன்றுமே நடக்காத அந்த நொடியில் கூட்டம் ஹோவென்று எழும். சுவரில் எங்கோ ஒரு ஊரின் பெயருக்கு நேரே இருந்த எண் நழுவி, வேறு எண் வந்திருக்கும். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் இன்னும் அழகான ஏற்பாடு. 1937-ல் கட்டிய ஸ்கோர்போர்டின் உச்சியில் மூன்று கயிறுகள், டிவிஷனுக்கு ஒன்று. நேஷனல் லீக் அணிகளின் கொடிகள் அன்றைய தரவரிசைப்படி மேலிருந்து கீழாகப் பறக்கும். வரிசை மாறினால் கொடிகளை இறக்கி மாற்றிக் கட்டுவார்கள். தன் ஊர் மைதானத்தில், தன் தலைக்கு மேல், எதிரியின் கொடி காற்றில் ஆடுவதை அந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இன்று கையில் போன் இருக்கிறது, எல்லா ஸ்கோரும் உடனுக்குடன் வந்துவிடுகிறது. ஆனால் முப்பதாயிரம் பேர் ஒன்றாக நிமிர்ந்து ஒரே கொடியைப் பார்ப்பதைப் போன் தர முடியாது.

செப்டம்பர் 28 இரவுக்குத் திரும்புவோம். பால்டிமோரில் பாஸ்டன் 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது, ஏழாவது இன்னிங்ஸில் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் நின்றது 86 நிமிடம். அந்த நேரத்தில் ஃப்ளோரிடாவில் யாங்கீஸ் 7-0 என்று ஏறி நின்றது. பாஸ்டன்காரர்களுக்கு அதைவிட நிம்மதியான ஸ்கோர் இருக்க முடியாது. எட்டாவது இன்னிங்ஸில் ரேஸ் ஆறு ரன் எடுத்தது. அதில் மூன்று ஈவான் லோங்கோரியாவின் ஒரே ஹோம் ரன்னில் வந்தவை. ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட், இரண்டு ஸ்ட்ரைக், இன்னும் ஒரு பந்து தவறினால் ஆட்டம் முடிந்தது என்ற கட்டத்தில் டான் ஜான்சன் ஹோம் ரன் அடித்து 7-7 என்று சமன் செய்தார். அந்த வருஷம் முழுக்கப் பத்து வாய்ப்பில் ஒன்று என்ற கணக்கில்தான் அடித்திருந்தவர் அவர். இதற்குள் பால்டிமோரில் மழை விட்டு, ஆட்டம் ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதிக்கு வந்துவிட்டது. எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த 77 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அந்த சீசனில் அதுவரை பாஸ்டன் விட்டதில்லை. இரண்டு பேர் அவுட், பேஸில் ஆளில்லை. கிறிஸ் டேவிஸ் ஒரு டபுள் அடித்தார். நோலன் ரைமோல்ட் இன்னொரு டபுள், ஸ்கோர் 3-3. ராபர்ட் ஆண்டினோ இடது பக்கம் தாழ்வாக அடித்த பந்தைக் கார்ல் கிராஃபோர்ட் சறுக்கி வந்து பிடிக்கப் பார்த்தார். பந்து கையுறையில் பட்டு நழுவியது. ரைமோல்ட் ஓடி வந்து வெற்றி ரன்னைத் தொட்டார். மணி நள்ளிரவு 12:02. ஃப்ளோரிடா மைதானத்தில் இந்தச் செய்தி பரவிக் கூட்டம் ஆர்ப்பரித்தது. 12:05-க்கு, பன்னிரண்டாவது இன்னிங்ஸில், லோங்கோரியா அடித்த பந்து இடது மூலைச் சுவரைத் தாண்டிப் போனது. ரேஸ் 8, யாங்கீஸ் 7.

வெறும் ஸ்கோரை மட்டும் மறுநாள் பேப்பரில் படித்தவருக்கு இது இரண்டு ஆட்ட முடிவு. ஒரு மாதமாக இரு பக்கமும் பார்த்து வந்தவருக்கோ கிராஃபோர்டின் கையுறையில் பந்து நழுவியதன் கனம் தெரியும். முந்தைய வருஷம்வரை அவர் ரேஸ் அணியின் செல்லப்பிள்ளை. ஏழு வருஷத்துக்கு 14 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் பாஸ்டன் அவரைக் கொண்டுவந்தது. பாஸ்டன் வெளியேறி ரேஸ் உள்ளே போன இரவில் பாஸ்டன் ஆட்டத்தின் கடைசிப் பந்து போய்ச் சேர்ந்த கை அவருடையது. அவர் மேல் இரண்டு ஊருக்கும் உரிமை இருந்தது. அந்த வலியிலும் இரண்டு ஊருக்கும் பங்கு இருந்தது.

இது எல்லாம் வெறுப்புக்குப் போடும் அழகான போர்வை என்று ஒருவர் சொல்லலாம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2011-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெட் சாக்ஸ், யாங்கீஸ் ரசிகர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. போட்டி அணி தோற்கும் காட்சியில், இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதி விழித்துக்கொண்டது. தங்களிடம் தோற்றால் மட்டுமல்ல, சம்பந்தமே இல்லாத ஓரியோல்ஸிடம் தோற்றாலும் ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். அந்த உணர்வு வலுவாக இருந்தவர்கள் எதிரணி ரசிகர்களைத் தாக்கும் மனநிலையையும் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் கவலைக்குரிய பகுதி. அதே ஆண்டு மார்ச் 31-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தின் வாகன நிறுத்துமிடத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் ரசிகர் ஒருவரை அடித்துப் போட்டார்கள். மூளையில் பட்ட அடி அவர் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது. இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அன்று சீசனின் முதல் நாள். தரவரிசை என்ற ஒன்றே இன்னும் பிறக்கவில்லை. யாருடைய தோல்வியும் யாருக்கும் எதையும் தரப்போவதில்லை. அந்த வெறிக்குப் பந்தயம் தேவைப்படவில்லை. எதிராளி யார் என்று தெரிந்துகொள்ளாத வெறுப்புக்குச் சட்டையின் நிறம் போதும். செப்டம்பர் ரசிகருக்கு நிறம் போதாது. அவருக்குப் பெயர்கள் வேண்டும், பழக்கங்கள் வேண்டும், நேற்று என்ன நடந்தது என்று வேண்டும். ஒருவரை அத்தனை நுணுக்கமாகத் தெரிந்துகொண்டபின் அவரைப் பொம்மையாக நினைப்பது கடினம். தேவை வந்தால் யாங்கீஸுக்காகவும் கைதட்ட வேண்டியிருக்கும் என்று பாஸ்டன்காரருக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்தப் பந்தயம்தானே.

நம் வேலையை நாம் பார்த்தால் போதும், அடுத்தவர் ஸ்கோர் எதற்கு என்பது ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். கையில் மட்டை இருப்பவருக்கு அது நல்ல விரதம். ஆனால் அவர்களாலேயே அதைக் கடைசிவரை காப்பாற்ற முடிவதில்லை. 1966-ல் பத்து அணிகளில் ஒன்பதாவதாக வந்த ரெட் சாக்ஸ், 1967-ல் கடைசி நாள்வரை முதலிடத்துக்குப் போராடியது. அக்டோபர் 1-ம் தேதி மின்னசோட்டா ட்வின்ஸை 5-3 என்று வீழ்த்திய பிறகும் கதை முடியவில்லை. டெட்ராய்ட் டைகர்ஸ் அன்று ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடியது. முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டது, இரண்டாவதையும் ஜெயித்தால் பாஸ்டனோடு சமம். பாஸ்டன் ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டைகர்ஸ் 8-5 என்று தோற்ற பிறகுதான் அவர்கள் லீக் சாம்பியன் ஆனார்கள். அந்த ரேடியோவின் முன்னால் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி போன்ற மாபெரும் பேட்டரும் மாடியில் உட்கார்ந்து பார்க்கும் ரசிகரும் ஒன்றுதான். இருவராலும் டெட்ராய்டில் ஒரு பந்தைக்கூட நகர்த்த முடியாது.

எனக்குப் பதில் சொல்லச் சிரமமான ஆட்சேபம் வேறு. இந்தப் பந்தயமே இப்போது செத்துக்கொண்டிருக்கிறது என்பது. 1993-ல் ஜயண்ட்ஸ் 103 ஆட்டம் ஜெயித்தும் வீட்டுக்குப் போனது. அட்லாண்டா பிரேவ்ஸ் 104 ஜெயித்திருந்தது, டிவிஷனில் முதலிடத்துக்கு மட்டும்தான் கதவு. அடுத்த ஆண்டே விதி மாறி வைல்டு கார்டு வந்தது. 2012-ல் இரண்டாவது வைல்டு கார்டு. அந்த விதி ஒரு வருஷம் முன்பே வந்திருந்தால் பாஸ்டனும் ரேஸும் சேர்ந்தே உள்ளே போயிருக்கும், அந்த நள்ளிரவு நடந்தே இருக்காது. 2022 முதல் லீக்குக்கு ஆறு அணி. மிகச் சிறந்த அணிகளுக்கு இடையிலான போட்டி இதனால் சூடு குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2025-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் 15.5 ஆட்ட முன்னிலையைக் கிளீவ்லாண்ட் கார்டியன்ஸிடம் பறிகொடுத்தது. பேஸ்பால் சரித்திரத்தில் அவ்வளவு பெரிய இடைவெளியைக் கடந்து டிவிஷன் ஜெயித்தவர்கள் இல்லை. ஆனாலும் டைகர்ஸ் வைல்டு கார்டில் உள்ளே நுழைந்து, அதே கிளீவ்லாண்டைப் பிளேஆஃபின் முதல் சுற்றில் வெளியேற்றியது. சூடு இப்போது கடைசிக் கதவுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. அதே ஆண்டு நேஷனல் லீக்கின் கடைசி இடத்துக்கு நியூயார்க் மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் கடைசி நாளில் இரண்டும் தோற்று, 83 வெற்றியோடு சமமாக நின்றன. சீசனில் நேருக்கு நேர் அதிகம் ஜெயித்த ரெட்ஸ் உள்ளே போனது. என் வருத்தம் இங்கேதான். முன்பெல்லாம் சமமானால் மறுநாள் மைதானத்தில் இறங்கித் தீர்த்துக்கொள்வார்கள். 2022-ல் அந்தக் கூடுதல் ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். இத்தனை மாதம் ஒருவரையொருவர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் நேருக்கு நேர் நிற்பதற்கு ஈடாகக் கோப்பில் உள்ள ஒரு பழைய எண்ணிக்கையைச் சொல்ல முடியாது.

இத்தனை மாறியும் ஒன்று மாறவில்லை. ஒருவரின் விதி, இழக்கவும் பெறவும் எதுவுமில்லாத மூன்றாமவர் கையில் சிக்குவது. 1982-ல் டாட்ஜர்ஸ் கடைசி நாளுக்கு முந்தின நாள் ஜயண்ட்ஸின் நம்பிக்கையை முடித்துவைத்தது. மறுநாள் ஜோ மார்கன் அடித்த ஹோம் ரன்னால் ஜயண்ட்ஸ் டாட்ஜர்ஸை முடித்துவைத்தது. அன்று சான் டியேகோவில் தோற்றுப்போன அட்லாண்டாதான் டிவிஷன் சாம்பியன். போட்டியிலிருந்து விலகியவர்கள் கடைசிவரை மனப்பூர்வமாக ஆடுவார்கள் என்ற நம்பிக்கைதான் இந்தப் பந்தயத்தின் அஸ்திவாரம். 2011-ல் 93 ஆட்டம் தோற்ற ஓரியோல்ஸ் அந்த நம்பிக்கையை மழைக்குப் பிறகும் காப்பாற்றியது.

இன்னொரு அணியும் அதே இரவில் காப்பாற்றியது. நேஷனல் லீக்கில் அட்லாண்டா பிரேவ்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் இரண்டும் கடைசி நாளில் சமமாக நின்றன. ஆகஸ்ட் கடைசியில் கார்டினல்ஸ் 10.5 ஆட்டம் பின்தங்கியிருந்தது. கடைசி நாளன்று ஹூஸ்டனில் கிறிஸ் கார்பென்டரின் பிட்சிங்கில் 8-0 என்று ஜெயித்துவிட்டுக் காத்திருந்தது. அட்லாண்டாவுக்கு எதிரே ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ். அவர்கள் டிவிஷனை எப்போதோ வென்றுவிட்டார்கள், அன்றைய முடிவால் அவர்கள் இடம் மாறப்போவதில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் சமன் செய்து, பதின்மூன்றாவது இன்னிங்ஸ்வரை இழுத்து, 4-3 என்று ஜெயித்தார்கள். அது 102-வது வெற்றி, அந்த அணியின் சரித்திரத்திலேயே அதிகம். அந்த வெற்றியால் உள்ளே வந்த கார்டினல்ஸ் முதல் சுற்றில் மோதியது ஃபில்லீஸோடு. ஐந்தாவது, தீர்மான ஆட்டம் அக்டோபர் 7-ம் தேதி ஃபிலடெல்ஃபியாவில். ஒன்பது இன்னிங்ஸும் கார்பென்டரே வீசினார், ஸ்கோர் 1-0. கடைசிப் பந்தை அடித்துவிட்டு ஓடத் தொடங்கிய ரயன் ஹோவர்டின் குதிகால் தசைநார் அறுந்தது. கார்டினல்ஸ் ஆட்டக்காரர்கள் நடுவில் கட்டிப் பிடித்துக் குதித்துக்கொண்டிருக்க, அவர் முதல் பேஸுக்குப் போகும் வழியில் புல்லில் கிடந்தார். மூன்று வாரம் கழித்து கார்டினல்ஸ் உலகத் தொடர் சாம்பியன்.